தலையில் கோடு விழுந்த எழுத்துகள்

எங்கள் ஊரில் ஓர் இங்கிலீஷ் எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு கோடு விழுந்துவிட்டால் போதும், அது பிரெஞ்சு. அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். ரொட்டிக் கடைப் பலகையிலோ சுற்றுலா விடுதியின் கழிப்பறைக் கதவிலோ அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் முதுகை நிமிர்த்திக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் கப்பலேறி இத்தனை காலமாகியும் அந்த ஒரு கோட்டுக்கு இருக்கிற மரியாதை, தமிழில் எத்தனை கொம்பும் சுழியும் போட்டு எழுதினாலும் கிடைக்காது.

இந்தப் பீடிகை எதற்கென்றால், போன வருஷம் எங்கள் குடும்பம் முத்தியால்பேட்டையில் ஒரு பேனர் வைத்தது. இறந்துபோன என் சித்தப்பாவின் படம், இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவர்த்தி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதற்குக் கீழே, தெருக்கோடியில் நிற்கிறவனுக்கும் தெரிகிற அளவில், அவருடைய கடைசி வார்த்தை என்று இதை அச்சடித்திருந்தார்கள்:

ÉÍÍÍÍÍÍÍÍÍÍÍÍ»

அது என்னவென்று வைத்தவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிறவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், நானும் வயிறு குலுங்கச் சிரித்தவன்தான்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன். எங்கள் சரக்கு விவரமெல்லாம் ஒரு கிழட்டு மென்பொருளுக்குள் இருக்கிறது. அது பழைய காலத்து டெர்மினல் திரையோடு மட்டும்தான் பேசும், வேறு யாரோடும் பேசாது. அந்தத் திரைகளெல்லாம் பழுதாகிக் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அதனால் புதுக் கம்ப்யூட்டரில் டெர்மினல் எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டு, ‘நான்தான் அந்தப் பழைய திரை’ என்று அதை நடிக்க வைக்கிறோம். ஆசை ஆசையாக வாங்கின புது மெஷின் காலையிலிருந்து சாயங்காலம்வரை கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக வேஷம் கட்டி நிற்கும். எங்கள் மேனேஜர்களுக்கு இதில் பெருமை வேறு.

இந்த வேஷத்தில் ஒரு தகராறு உண்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எழுத்தோடு எழுத்தாகவே படக் குறிகளும் இருக்கும். நேர்க்கோடு, மூலை, பாதிக் கட்டம், முழுக் கட்டம், புள்ளி வைத்த நிழல் என்று துண்டு துண்டாக. அவற்றை அடுக்கித்தான் பெட்டி, பார்டர், பூ எல்லாம் போட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் புது மெஷின் தன்னுடைய பட்டியலில் தேடினால் அங்கே கோடு இருக்காது, சம்பந்தமில்லாத ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். மூலை இருக்க வேண்டிய இடத்தில் É வரும், படுக்கைக் கோட்டுக்கு Í வரும், முழுக் கட்டத்துக்கு Û வரும். செட்டிங்கில் பட்டியலை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் ஆபீசில் மாதம் ஒருவராவது திரையில் பிரெஞ்சு வருகிறது என்று என்னைக் கூப்பிடுவார். நான் போய் இரண்டு தட்டு தட்டி, ஒரு முறை முறைத்துவிட்டு வருவேன்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் சித்தப்பாவும் பிரெஞ்சுப் பிரஜை. கல்யாணமான இரண்டாம் வருஷம் பிரான்சுக்குப் போனார். பேப்பர் ரெடியானதும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். அது எந்தப் பேப்பர், யார் ரெடி பண்ண வேண்டும் என்பது கடைசிவரை ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஆரம்பத்தில் மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அங்கே அவர் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். தமிழ் அதில் ஏறாது. அதனால் தாளைச் சுற்றி பார்டரை மட்டும் கம்ப்யூட்டரில் அடித்து, நடுவில் பேனாவால் எழுதி அனுப்புவார். ஒவ்வொரு கடிதத்துக்கும் வேறு வேறு பார்டர். தெருவே வந்து பார்க்கும். புள்ளிக் கோலம் மாதிரி இருக்கிறது என்பார்கள். கட்டம் கட்டமாக எதைப் பார்த்தாலும் கோலம் என்று சொல்கிறவர்களை எனக்கு அப்போதே பிடிக்காது. பார்டரைப் பார்த்தவர்களில் ஒருவராவது நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதாக ஞாபகமில்லை. நலம், நலமறிய ஆவல், குளிர் அதிகம், பேப்பர் வந்ததும் அழைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் எப்போதும் இருக்கும்.

ஒரு கட்டத்தில் கடிதமும் நின்றுபோனது. சித்தி ஒரு நர்ஸிங் ஹோமில் வேலைக்குப் போய்த் தன்னைத் தானே பார்த்துக்கொண்டார். வந்த கடிதங்களை மடங்காமல் ஒரு பெரிய எக்ஸ்ரே கவரில் வைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் சித்தப்பாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. இறந்த சேதி போனில் வந்தபோதும் சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

சில மாதம் கழித்து அங்கே அவரோடு வேலை பார்த்த ஒரு தமிழர் ஒரு பெட்டி அனுப்பிவைத்தார். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய அந்தப் பழைய கம்ப்யூட்டர், நாலைந்து ஃப்ளாப்பி, இரண்டு ஸ்வெட்டர். சித்தி பெட்டியின் அடிவரை கையை விட்டுத் துழாவினார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“இதுக்குள்ள எனக்குன்னு எதனா எழுதி வெச்சிருக்காரா பாரு,” என்றார். “நாலு வார்த்த இருந்தா கூட போதும்.”

அந்த வீட்டில் சித்தியோடு அவருடைய தம்பியும் இருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு மொத்தம் பதினைந்து பிரெஞ்சு வார்த்தை தெரியும், அதில் நாலு சாப்பாட்டு வார்த்தை. பால்காரருக்கு நன்றிக்குப் பதில் ‘மெர்சி’ சொல்கிற ஆள். கடைக்குப் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்குவதைக்கூட ஏதோ தூதரக வேலை மாதிரி செய்வார். பெட்டி வந்த நாளிலிருந்து அதற்குள் நிச்சயம் உயில் இருக்கிறது, பிரான்சில் இருந்தவன் உயில் எழுதாமல் சாகவே மாட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பும் ஆபீசிலிருந்து ஒரு பழைய கேபிளும் எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினால் படம் நிற்காமல் கீழே கீழே ஓடியது. பிரான்ஸ் டிவியின் முறை வேறு. அதனால் மெஷினின் பின்பக்க ஓட்டையில் கேபிளைச் சொருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டி, டெர்மினல் எமுலேட்டரைத் திறந்தேன். ஓடுகிற படத்தைக் கண்ணால் துரத்திக்கொண்டே முதல் ஃப்ளாப்பியில் இருந்ததை லேப்டாப்புக்கு அனுப்பச் சொல்லித் தட்டினேன். முப்பது வருஷத்துக்கு முந்தின மெஷின் கரகரவென்று சத்தம் போட்டது. லேப்டாப் திரையில் வரிசையாக É, Í, Û, நடுவில் வெறும் இடம், கீழே È என்று வந்து விழுந்தது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இவை கோடுகள். கை செட்டிங்குக்குப் போனது. அதற்குள் மாமா என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“நீ தொறந்து குடுத்த, மெர்சி,” என்றார். “பிரெஞ்ச நாங்க பாத்துக்கறோம். உனக்கு அது வராதுன்னு ஊருக்கே தெரியும்.”

பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பிரெஞ்சு எடுத்து இரண்டு வருஷமும் கோட்டைவிட்டவன் நான். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் ஒன்று மட்டும் மண்டையில் ஏறியிருந்தது. பிரெஞ்சில் I எழுத்தின் தலையில் அப்படி ஒற்றைக் கோடு சாய்த்துப் போடுகிற வழக்கமே கிடையாது. திரை முழுக்க அந்த Í தான் சாரிசாரியாக நின்றது. இதைக்கூடத் தெரியாத ஒரு மனுஷன் என்னைத் தள்ளி உட்காரச் சொல்கிறார். சரி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மௌஸிலிருந்து கையை எடுத்தேன். சித்தி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா அதையெல்லாம் பிரின்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு முசியேயிடம் கொண்டுபோனார். முசியே என்பவர் எங்கள் பக்கத்தில் சொல்தா குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து வருகிற காகிதங்களைப் படித்துச் சொல்கிறவர். வெயில் காலத்திலும் முழுக்கை கோட்டு. அவருக்குப் பிரெஞ்சு தெரியும், அதில் சந்தேகமில்லை. தெரியவில்லை என்று சொல்லத்தான் அவருக்கு எந்தப் பாஷையிலும் வராது. தாளைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தாராம். இரண்டு பெருமூச்சு விட்டாராம். இது நொத்தேர்கள், அதாவது பத்திரம் எழுதுகிறவர்கள், பழைய நாளில் எழுதின சுருக்கெழுத்து, இந்தத் தலைமுறையில் யாருக்கும் புரியாது என்றாராம். நடுவில் காலியாக இருக்கிறதே என்று மாமா கேட்டதற்கு, சொல்ல முடியாத துக்கத்தை அவர்கள் அப்படித்தான் காலியாக விடுவார்கள் என்றாராம். இதை மாமா என்னிடம் மயிர்க்கூச்செறிய விவரித்தார். எனக்குச் சிரிப்பை அடக்கிப் புரையேறிவிட்டது.

மறுவாரம் முசியே சாரத்தை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். என் மனைவிக்கு, உன்னை அழைத்துக்கொள்ளாதது என் குற்றம், ஒரு நாளும் உன்னை மறந்ததில்லை, எனக்காக வேண்டிக்கொள். எத்தனையோ விதவைகளுக்குக் காகிதம் படித்துச் சொன்னவர், எந்த விதவை எதைக் கேட்க ஆசைப்படுவாள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் அங்கே போனேன். சித்தி சித்தப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தானாகவே. அவருக்கு வாழைக்காய் வறுவல் பிடிக்கும், கல்யாணத்தன்று செருப்பு தொலைந்து யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குள் வந்தார் என்று. நடுவில் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. என்னிடம் அந்தத் தாளைக் காட்டி, “கேட்டவ நானு, கெடச்சிடுச்சி பாத்தியா,” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்குள் இருந்த நினைப்பெல்லாம் மாமா இன்னும் எவ்வளவு உயரம் ஏறுவார் என்பதுதான். எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ அவ்வளவு சத்தமாக விழுவார் அல்லவா.

அவர் பேனர் உயரத்துக்கு ஏறினார். தமிழ்ச் சாரத்தைப் போட்டால் ஊரில் எல்லோரும் படித்துவிடுவார்கள், அதில் என்ன கௌரவம் என்று மூலத்தையே போடச் சொன்னாராம். பேனர் கடைக்காரர் பிழை இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்ப, மாமா ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்து ஒரு Í குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இதையும் அவரே என்னிடம் சொன்னார்.

நினைவு நாளன்று காலையில் கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு. மூலக்குளத்திலிருந்தும் தவளக்குப்பத்திலிருந்தும் உறவெல்லாம் வந்திருந்தது. முசியே கோட்டோடு நாற்காலியில். கூடத்தில் அந்தக் கம்ப்யூட்டரை மேசை மேல் வைத்து, மேலே சரிகைத் துணி போட்டு, பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றியிருந்தார் மாமா. பந்தி முடிந்ததும் எழுந்து நின்று, பேனரில் இருக்கிற வாசகம் எவ்வளவு உயர்ந்த பிரெஞ்சு என்று ஆரம்பித்தார். இதெல்லாம் வெறும் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்களுக்குப் புரியாது என்று என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

சொல்வதென்றால் நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் சாகிறவரைக்கும் சொல்லியிருக்கக் கூடாது. நான் கூட்டம் அதிகமாக இருந்த நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

எழுந்து போய்ச் சரிகைத் துணியை எடுத்தேன். லேப்டாப்பை மாட்டினேன். பிரெஞ்சில் I தலையில் அப்படிக் கோடே போடுவதில்லை, வேண்டுமானால் முசியேயைக் கேளுங்கள் என்றேன். முசியே தண்ணீர் கேட்டார். செட்டிங்கில் பட்டியலை மாற்றி, முதல் ஃப்ளாப்பியை மறுபடி அனுப்பச் சொன்னேன். É, Í, » எதுவும் வரவில்லை. அதே இடத்தில்,

╔════════════╗

என்று சுத்தமாக ஒரு கோடு வந்தது. பிறகு இரண்டு பக்கமும் இறங்கியது. மூலைகளில் கட்டங்களால் ஆன பூ. நடுவில் ஒன்றுமில்லை. இது எழுத்தே இல்லை, வெறும் பார்டர், நீங்கள் தெருவில் தூக்கிக் கட்டியிருப்பது பெட்டியின் மேல் மூடி என்றேன். சில பேர் சிரித்தார்கள். மாமா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பிரெஞ்சுதானே, அப்போது பார்டரும் பிரெஞ்சு பார்டர்தானே என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று வாரமாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

சித்தி உள்ளே போய் எக்ஸ்ரே கவரோடு வந்தார். தரையில் உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். திரையில் இருந்த பூவும் முதல் கடிதத்தின் மூலையில் இருந்த பூவும் ஒன்று. அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது. அந்தக் கடிதங்களைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். வேடிக்கை பார்க்கிற அவசரத்தில் ஞாபகமே வரவில்லை.

“அடுத்தது போடு,” என்றார் சித்தி.

போட்டேன். இரண்டாவது பார்டர், இரண்டாவது கடிதம். மூன்றாவது, நாலாவது. உறவுக்காரர்கள் மெல்லப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். முசியே சொல்லாமலே போய்விட்டார். நாற்பத்தொன்றோடு சித்தியின் கடிதம் தீர்ந்தது. ஆனால் மெஷின் நிற்கவில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டேன். நூற்றுப் பதினாறு பார்டர். கடிதம் நின்ற பிறகும் மனுஷன் வருஷக்கணக்கில் தாள் தயார் பண்ணியிருக்கிறார். போகப் போக வேலைப்பாடு கூடியது. ஒற்றைக் கோடு இரட்டையானது, அதற்குள் இன்னொரு வரிசை, நிழல், கொடி, அதற்குள் மறுபடி கோடு. கடைசியாக வந்ததில் தாள் முழுக்க பார்டர்தான். எழுதுவதற்கு நடுவில் நாலு விரல் அகலம்கூட இல்லை.

சித்தி அதை ரொம்ப நேரம் பார்த்தார். “கோடு போட இவ்ளோ நேரம் இருந்திருக்கு,” என்றார். பிறகு கடிதங்களை அடுக்கிக் கவரில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“இது வெறும் கோடுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியும் சித்தி.”

“நான் அந்தத் தாள உங்கிட்ட காட்டனப்பவும் தெரியும்.”

நான் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் எழுந்துகொண்டார்.

“உங்க சித்தப்பா மாதிரியேதான் இருக்க,” என்றார். “உள்ள தெரிஞ்சத ஒரு வார்த்த வெளிய சொல்ல மாட்டீங்க.”

பேனரை மறுநாளே மாமா கழற்றிவிட்டார். இப்போது அது அவருடைய வண்டிக்கு மழை உறையாக இருக்கிறது என்று கேள்வி. முசியே வழக்கம்போல் காகிதம் படித்துச் சொல்கிறார், ஜனங்களும் போய் நிற்கிறார்கள். சித்தி சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் போனால் காபி கொடுப்பார், மழை வருமா என்று கேட்பார்.

அந்தக் கடைசி பார்டரை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் நடுவில் இருக்கிற துளி இடத்தில் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிச் சித்தி கையில் கொடுத்துவிடலாம் என்று எத்தனையோ நாள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமாவையும் முசியேயையும் கிண்டல் செய்ய இத்தனை பக்கம் மளமளவென்று வந்தது. அந்தத் தாள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.